செல்லபாய்க்கு அடித்த துக்க மணி

"யோனாவ அந்த மீனு ஏன் துப்பிச்சு? அவரு செல்லபாய் மாமிய மாதிரி குண்டா இருந்ததனாலயா?"

கடியப்பட்டணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பெபிஷா என்ற ஏழு வயதுப் பெண் உபதேசியார் ஆன்ட்ரூஸிடம் இப்படிக் கேட்டாள். கோயில் மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சாமியார் இல்லாத நேரத்தில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. முப்பது வருடமாக யோனாவை மீன் வயிற்றுக்குள் அனுப்பி, மூன்றாம் நாள் பத்திரமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தவர். கடற்கரைப் பிள்ளைகள் என்பதால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவன், அது என்ன மீன், கிலோ என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கேட்பான். யோனாவின் எடையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"கடவுள் சொன்னாரு, மீனு துப்பிச்சு," என்றார்.

"அப்பம் நாரோயில்ல அந்த மெஷினு மாமிய துப்பினதும் கடவுள் சொல்லித்தானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆன்ட்ரூஸும் சிரித்துவிட்டார். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பெபிஷா சொன்ன நாகர்கோவில் மெஷின் விஷயம் உண்மைதான். ஊர் முழுக்கத் தெரிந்த உண்மை.

செல்லபாய் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். ஐம்பத்து நான்கு வயது. கணவர் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. வள்ளம் கரை ஏறியதும் மீன் குவியலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து அவள் நின்றால், அந்தப் பக்கம் வெயில் வராது. அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. திருவிழா நாளில் ஒலிபெருக்கி பழுதானபோது கமிட்டிக்காரர்கள் அவளைத்தான் தேடிப் போனார்கள். அவளிடம் திட்டு வாங்காத வள்ளக்காரன் ஊரில் கிடையாது. ஆனாலும் எல்லோரும் அவளிடமே மீனைக் கொண்டுவந்தார்கள். எடையில் ஏமாற்றமாட்டாள்.

2011 தை மாதத்தில் ஒருநாள் அவள் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, மகள் அஜிதா கேட்டாள்: "ஒத்தக் கால் செருப்பு எங்கம்மா?"

செல்லபாய் குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. சுடு மணலில் அரைக் கிலோமீட்டர் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். கால் எதையும் சொல்லவில்லை.

நாகர்கோவில் டாக்டர் தட்டியும் தடவியும் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் எங்கோ நரம்பு நசுங்குகிறது என்றார். எந்த இடத்தில், எவ்வளவு என்று எம்ஆர்ஐ படம் எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார். "இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் இந்தக் கால் திரும்பாது. அடுத்தது மூத்திரம் போவதும் தெரியாமல் ஆகும்," என்று சிரிக்காமல் சொன்னார்.

அன்றைக்கே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். அந்த மெஷினின் குழல் அறுபது செண்டிமீட்டர் அகலம். மெஷினை இயக்கிய இளைஞன் அவளைப் படுக்கவைத்து, தலைப்பக்கமாக உள்ளே தள்ளினான். தோள் வரை போனாள். அதற்குமேல் போகவில்லை. மூச்சை இழுக்கச் சொன்னான். இழுத்தாள். உறைக்குள் தலையணையைத் திணிப்பதுபோல் இன்னொருவனையும் கூப்பிட்டுத் தள்ளினான். பிறகு கண்ணாடி அறைக்குப் போய்த் தன் கூட்டாளியிடம் ஏதோ சொன்னான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான்.

"இது மனுஷங்களுக்குள்ள மெஷினுலே. கப்பலுக்குள்ளது இல்ல."

குழலுக்குள் கழுத்து மாட்டிக் கிடந்த செல்லபாய் அதைத் தெளிவாகக் கேட்டாள். வெளியே வந்ததும் அவள் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த இளைஞனின் மூன்று தலைமுறை அதில் வந்துபோனது என்று மட்டும் சொல்லலாம். ஆனால் திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அஜிதாவை அதுதான் பயமுறுத்தியது. அம்மா திட்டினால் சரியாகிவிடும். அம்மா பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

எட்டொன்பது நாள் விசாரித்து, மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வாய் அகன்ற புது மெஷின் வந்திருப்பதாக அஜிதா கண்டுபிடித்தாள். போன் செய்தபோது எடுத்தவள் ஷப்னா. அந்த மெஷினை இயக்குகிறவள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி.

"எங்க மெஷினு வாய் எழுபது செண்டிமீட்டர். மேசை இருநூறு கிலோ தாங்கும்," என்றாள் ஷப்னா. "ஆனா இங்க வர வரச்செய்து பொறவு ஒக்காதுண்ணு சொல்லக்கூடாது பாருங்க. அம்மாவ ஏற்கெனவே ஒருக்க திருப்பி அனுப்பிட்டாங்கண்ணு சொல்லுதீங்களே. அதனால வெயிட்டும், நேரா மல்லாந்து படுத்திருக்கும்போ தோள்லயும் இடுப்புலயும் உள்ள அகலமும் பாத்துச் சொல்லுங்க. சுத்தளவு வேண்டாம், குறுக்களவு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு இடம் வச்சிருக்கேன்."

வீட்டில் இருக்கும் எடை மெஷின் நூற்றிருபதோடு நின்றுபோனது. அதனால் மறுநாள் காலையில் செல்லபாய் அஜிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், மீன் நிறுக்கிற தராசின்மேல் ஏறி நின்றாள். இருபத்தைந்து வருடம் ஊர் மீனை அவள் நிறுத்த தராசு.

"மொத வெல ஆருவே வைப்பா?" என்றான் ஒரு கேரள வியாபாரி.

"ஒன் வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவ என்ன வெலைக்குப் போனாண்ணு சொல்லு. அதுக்குப் பொறவு எனக்கு வெல வைக்கலாம்," என்றாள் செல்லபாய், முள்ளைப் பார்த்தபடி. நூற்று முப்பத்தொன்று.

அகலம்தான் சிக்கல். தையல்காரியின் நாடா சுற்றளவுதான் சொல்லும். படுத்திருக்கும் மனிதருக்குக் குறுக்களவு எடுக்க ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். சவப்பெட்டி செய்யும் அல்போன்ஸ் ஆசாரி.

அல்போன்ஸ் முழக்கோலோடு வந்து வாசலிலேயே நின்றார். "அஜிதா, எனக்கு இது ஒத்துவராது மக்கா. நான் அளக்கும்போ ஆரும் என்னப் பாக்கமாட்டாவ."

"வாரும்வே உள்ள," என்று கட்டிலில் மல்லாந்து கிடந்த செல்லபாய் கத்தினாள். "நாளைக்கு எப்பிடியும் அளக்கத்தானே போறீரு. இண்ணைக்கு ஒருக்க ஓசிக்கு அளந்து பாரும்."

அல்போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பழக்கதோஷத்தில் முதலில் நீளத்தை அளந்தார்.

"நெட்ட என்னத்துக்குவே?"

"கை தன்னால போயிட்டு."

"எளவு, மூச்ச விடவா, பிடிச்சிருக்கவா?"

"அது... எனக்குத் தெரியாது பாத்துக்க. இதுவரைக்கும் ஆரும் விட்டதில்ல."

அஜிதா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். மூன்று முறை அளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் செல்லபாய் ஏதாவது சொல்லி, அசைந்து, அளவு மாறியது. கடைசியில் அல்போன்ஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இடுப்பில் அறுபத்துமூன்று. முழங்கையைச் சேர்த்துத் தோள்பக்கம் அறுபத்தாறு.

"எழுபதுல அறுபத்தாறு போனா?" என்றாள் செல்லபாய்.

"நாலு மிச்சம்மா. போலாம்," என்றாள் அஜிதா.

செல்லபாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "ஒரு பக்கத்துக்கு ரெண்டு. நான் வரல்ல."

"அம்மா!"

"அந்த ரெண்டு செண்டிமீட்டருல போயி மறுபடியும் மாட்டிக்கிட்டு, மறுபடியும் ஒரு பய சொல்லுததக் கேக்கணுமா? காலு போனா போவட்டும். ஒத்தக் காலோட ஏலம் கூறுவேன். வாய்க்கு ஒண்ணும் ஆகல்லையே."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தில் பத்து நாள் போயிருந்தது. அஜிதா கெஞ்சினாள், அழுதாள், சாப்பிடமாட்டேன் என்றாள். எதுவும் எடுபடவில்லை. அல்போன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினார்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுக்கு எரிச்சல் தருகிற எல்லாமே சவம்தான். நேரத்துக்கு வராத பஸ் சவம், நிற்காத மழை சவம், திறக்காத பூட்டு சவம், பரீட்சையில் தோற்ற மகனும் சவம். யாரும் செத்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் பயந்துபோவார்கள். நாங்கள் பயப்படுவதில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சவப்பெட்டி செய்கிறவர் சொல்லும்போது கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்.

சந்து முனையில் உபதேசியார் ஆன்ட்ரூஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செல்லபாய் வீட்டிலிருந்து முழக்கோலோடு அல்போன்ஸ் வெளியே வருவதைக் கண்டதும் அவர் கால் நின்றது.

"என்ன அல்போன்ஸு?"

"ஒண்ணுமில்ல உபதேசியாரே," என்று அல்போன்ஸ் உள்ளங்கையைப் பார்த்தபடி அலுத்துக்கொண்டார். "சவத்த அளந்து முடிக்கதுக்குள்ள என் சீவன் போயிட்டு."

நடந்துகொண்டே சொன்னார், நடந்துகொண்டே போய்விட்டார். வீட்டுக்குள்ளிருந்து அஜிதாவின் அழுகை கேட்டது.

ஆன்ட்ரூஸுக்கு வேறென்ன தோன்றும்? சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்று, செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி ஜெபம் ஒன்று சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை அவளை வைத்துச் சிரித்த பாவம் ஞாபகம் வந்து, இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். சாமியார் கோட்டாறுக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். கேட்டுச் செய்ய ஆளில்லை. செத்தவளுக்குச் செய்யவேண்டியதை உடனே செய்வோம் என்று நேராகக் கோயிலுக்குப் போய்த் துக்க மணியை அடித்தார். ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு, முப்பது வருடப் பழக்கத்தில் பிசிறில்லாமல்.

கடியப்பட்டணத்தில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும் வரை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். போனவர்களும் திரும்பிவிடுவார்கள். அன்றைக்குச் சாளை மீன் நல்ல பாடு, வலை நிறைய விழுந்துகொண்டிருந்தது. கரைக்குப் பக்கத்திலேயே வள்ளங்கள் நின்றன. மணிச் சத்தம் பாதிப் பேருக்குக் கேட்டது, மீதிப் பேருக்குச் செல்போனில் போனது. "ஆரு?" "செல்லபாய் மாமி." பாதி வளைத்த வலையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்குத் திரும்பினார்கள்.

மணிச் சத்தம் செல்லபாய்க்கும் கேட்டது.

"ஏட்டி அஜிதா, ஆரு செத்தாண்ணு பாரு. ஒருவேள அந்த மேற்குத்தெரு கெழவனா இருக்கும். நல்ல மனுசன்," என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். துக்க வீட்டுக்குப் போவதற்காக வெள்ளைச் சேலையை எடுத்துவைக்கச் சொன்னாள்.

முதலில் வந்தது பக்கத்துத் தெருப் பெண்கள். வாசலிலிருந்தே தலைவிரித்து ஒப்பாரியோடு வந்தவர்கள், கட்டிலில் சாய்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்த செல்லபாயைப் பார்த்து, ஒப்பாரியின் நடுவரியில் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். அடுத்து ஆன்ட்ரூஸ், கையில் இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் எரிகிற மெழுகுதிரியுமாக நுழைந்தார்.

"வாரும் உபதேசியாரே. அடக்கம் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் செல்லபாய். "ஆருக்குண்ணும் சொல்லிட்டுப் போரும்."

ஆன்ட்ரூஸின் கையிலிருந்த மெழுகு சொட்டி அவர் பெருவிரலில் விழுந்தது. "செல்லபாயி," என்றார். "எனக்கு... அல்போன்ஸு சொன்னான்..."

"சவத்த அளந்தேன்னுல்லா சொன்னேன்?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து அல்போன்ஸின் குரல் பரிதாபமாக வந்தது.

சந்து முழுக்க ஆண்கள் நிறைந்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவர்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். விஷயம் வாசலிலிருந்து சந்து முனைவரை போய்ச் சேர்ந்ததும் சத்தம் ஏறியது. "ஒரு நாள் பாடு போச்சே!" "கமிட்டிய கூட்டுங்கலே!" "உபதேசியாருக்குக் கண்ணு கொள்ளையிலயா போச்சு?" ஆன்ட்ரூஸ் மெழுகுதிரியை அணைக்கக்கூட மறந்து தலைகுனிந்து நின்றார்.

செல்லபாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவள் மூஞ்சியைப் பார்க்காமல் போனவன் நிற்கிறான். அவள் கொடுத்த விலை போதாதென்று கடற்கரையில் சண்டை போட்டவன் நிற்கிறான். எல்லோரும் வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவளுக்காக.

வள்ளக்காரன் டைட்டஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். எல்லோரையும்விட அதிகம் திட்டு வாங்கியவன் அவன்தான். அஜிதா அவனிடம் நாலு மணி, எழுபது செண்டிமீட்டர், அம்மா மாட்டேன் என்கிறாள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். டைட்டஸ் கேட்டுவிட்டுச் செல்லபாயின் முன்னால் வந்து நின்றான்.

"மாமி, நாங்க பாதி வலைய விட்டிட்டு வந்திருக்கோம். ஒண்ணு நீங்க செத்திருக்கணும். இல்லேண்ணா ஸ்கேனுக்கு வரணும். ரெண்டும் இல்லாம எங்கள வெறுங்கையோட அனுப்பினா மொறையில்ல."

"நாலு செண்டிமீட்டருலே மக்கா," என்றாள் செல்லபாய். குரல் சின்னதாக வந்தது.

"நான் பெட்டிக்கு ரெண்டுதான் விடுவேன்," என்றார் அல்போன்ஸ். "இதுவரைக்கும் ஆரும் எடம் பத்தல்லேண்ணு சொன்னதில்ல. நாலு தாராளம்."

சிரிப்பு சந்து முனைவரை போனது. செல்லபாயும் சிரித்தாள், சிரிக்கும்போது கண் நிறைந்ததை வெயில்மேல் பழிபோட்டாள்.

தெருவுக்கு வண்டி வராது. சந்தில் மணல். காலையில் கடற்கரைக்குப் போய்வந்ததோடு அவள் கால் ஓய்ந்துபோயிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு அடி தூக்குவதற்குள் அது கால் விரித்துப் படுத்துவிட்டது. அப்போது ஆன்ட்ரூஸ், அதுவரை மூலையில் நின்றவர், வாயைத் திறந்தார்.

"ஆயரு நாற்காலி இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை உறுதிபூசுதல் சடங்குக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயர் வரும்போது மட்டும் பீடத்தின் பக்கத்தில் போடுகிற தேக்கு நாற்காலி. சிவப்பு வெல்வெட் மெத்தை. அல்போன்ஸே செய்தது. சாமியாரே அதில் உட்காரமாட்டார்.

"சாமியாருகிட்ட கேக்காம..." என்று ஒருவர் இழுத்தார்.

"சாவி எங்கிட்ட இருக்கு," என்றார் ஆன்ட்ரூஸ். "ஏற்கெனவே ஒண்ணு செஞ்சாச்சு. ரெண்டாவதுக்கும் சேத்துத் திட்டு வாங்கிக்கிடுதேன்."

அப்படித்தான் செல்லபாய் அன்றைக்குச் சிவப்பு வெல்வெட்டில் உட்கார்ந்து, பாடை தூக்க வந்த எட்டுப் பேர் தோளில் ஏறி, "எறக்குங்கலே, சாயுதுலே, டைட்டஸே ஒன் பக்கம் தாந்திருக்குலே" என்று கத்திக்கொண்டே கடற்கரைச் சாலைக்கு வந்தாள். பின்னால் ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் சும்மா போக மனமில்லாமல் மாதா பாட்டுப் பாடினார்கள். எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு வெளியூர்க்காரர் திருவிழா என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நாற்காலியோடு அவளை டைட்டஸின் மீன் டெம்போவில் ஏற்றினார்கள். வெல்வெட்டுக்குச் சாளை வாடை பிடித்தது அந்தப் பயணத்தில்தான்.

மருத்துவமனையில் ஷப்னா வாசலுக்கே வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, கையில் ஒரு சின்னக் கிண்ணம்.

"அம்மா, இரும்பு ஒண்ணும் உள்ள வரக்கூடாது. காந்தம் இழுத்துப்போடும். இதுல போடுங்க."

கொத்துச் சாவி, கம்மல், தாலி மின்னு, மாதா சுரூபம் எல்லாம் வந்தது. பிறகு சேலையிலிருந்தும் ஜாக்கெட்டிலிருந்தும் ஊக்குகள் வரத் தொடங்கின. பதினான்கு. கிண்ணம் நிறைந்தது.

"இவ்வளவு ஊக்கு எதுக்கும்மா?"

"காத்துல சேல பறந்தா வெல கொறையும் மக்களே."

ஷப்னா சிரித்தாள். பிறகு மேசையின்மேல் படுக்கவைத்தாள். செல்லபாய் அந்த வட்டமான வாயைப் பார்த்ததும் கண்ணை மூடினாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தல மொதல்ல போவாண்டாம் மக்களே. மாட்டிப்பேன்."

"தலை போகவே வேண்டாம்," என்றாள் ஷப்னா. "நமக்கு வேண்டியது அடிமுதுகு. காலை முதல்ல விடலாம். உங்க தலை வாசல்லயே இருக்கும், வெளிய பாத்துக்கிடலாம்."

செல்லபாய் அவளையே பார்த்தாள். "அப்பம் அண்ணைக்கு அந்தப் பயலுக்கு இது தெரியாதா?"

"அந்த மெஷினு நீளம் கூடுதல், வாய் சின்னது. அதுல கஷ்டந்தான்," என்று ஷப்னா சொன்னாள். பார்க்காத ஒருவனைப் பழிசொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பக்கங்களில் மெல்லிய மெத்தையைச் செருகினாள். மேசை நகர்ந்தது. கால் போனது. இடுப்பு போனது. முழங்கை இருபுறமும் சுவரை மெல்லத் தொட்டு, தொட்டபடியே வழுக்கிப் போனது. நிற்கவில்லை. கண்ணுக்கு மேலே கூரையும் ஒரு விளக்கும் தெரிந்தன.

"நான் இங்கயே நிக்கேன்," என்று ஷப்னா அவள் நெற்றியில் கையை வைத்தாள். கண்ணாடி அறையில் வேறொருவர் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் தொடங்கியது. வள்ளத்து என்ஜினில் தண்ணீர் புகுந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு பலகையில் ஆணி அடிப்பதுபோல். அசையக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்து நான்கு வருடத்தில் செல்லபாய் அரைமணி நேரம் வாயை மூடி இருந்தது அன்றைக்குத்தான். மனதுக்குள் ஜெபமாலை சொன்னாள். பத்து மங்கள வார்த்தை ஜெபம் எண்ணும்போது பழக்கத்தில் ஏலக் கணக்கு இடையில் புகுந்து, ஏழு, ஏழரை, எட்டு என்று போனது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நெற்றியில் இருந்த கை முழு நேரமும் விலகவே இல்லை.

படம் தெளிவாக விழுந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நல்லவேளை என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் அறுவை நடந்தது. ஒரு மாதத்தில் செல்லபாய் வாக்கரைப் பிடித்து நடந்தாள். சித்திரையில் கம்பு ஊன்றினாள். ஆவணியில் கம்பை வீட்டில் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு வந்து, முதல் வேலையாக டைட்டஸைத் திட்டினாள். டைட்டஸ் மற்றவர்களிடம், மாமிக்குச் சரியாயிட்டு என்று சொல்லி மிட்டாய் கொடுத்தான்.

ஆனால் ஆன்ட்ரூஸ் விவகாரம் முடியவில்லை. ஒரு கால் பிழைத்தது நல்லதுதான். ஒரு நாள் பாடு போனது போனதுதான் என்று கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள். ஆயர் வந்த நாளில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்ததும் சேர்ந்துகொண்டது. பூசைக்கு நடுவில் அவர் இரண்டு முறை குனிந்து பார்த்தாராம். ஐந்து முறை கூடி, நாலு முறை சண்டை போட்டு, கமிட்டி ஒரு தண்டனை விதித்தது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஊரே சேர்ந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். இந்த வருடம் ஆன்ட்ரூஸ் ஒற்றை ஆளாகச் செய்யவேண்டும். யாரும் உதவக்கூடாது.

ஆன்ட்ரூஸுக்கு அறுபத்தொரு வயது. குடலிறக்கத்துக்குப் பெல்ட் கட்டியிருப்பவர். "சரி," என்றார்.

செல்லபாய் அவருக்காகப் பரிந்து பேசப் போகவில்லை. உண்மையில் ஊரோடு சேர்ந்து அவளும் அவரைக் கிண்டல்தான் செய்தாள். அவர் கடற்கரைப் பக்கம் வந்தால், "எல்லாரும் மூச்சு விட்டுக்கிட்டு நில்லுங்கலே, உபதேசியாரு வாறாரு, மணி அடிச்சிருவாரு!" என்று ஏலத்தை நிறுத்திக் கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்த மணியை அவர் அடிக்காமல் இருந்தால் அன்றைக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள், தான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நன்றியை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தெரியாது. திட்டுவதற்கு மட்டுமே பழகிய வாய் அது. சிலருக்கு அப்படி வாய் அமைந்துவிடுகிறது. கடவுள் அவர்களுக்குக் கைகளைக் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் கடைசி வாரம் ஆன்ட்ரூஸ் வேலையைத் தொடங்கினார். காலையில் நாலு வரிசை புல் பறிப்பார். பன்னிரண்டு மணிக்கு வெட்டுக்கத்தியையும் கூடையையும் ஒரு சிலுவையில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். இளைப்பாறி மூன்றரைக்கு வருவார். முதல் நாள் திரும்பி வந்தபோது, தான் விட்டுப்போன இடத்துக்கு அப்பால் இரண்டு வரிசை சுத்தமாக இருந்தது. வயதாகிறது, மறந்துவிட்டோம் என்று நினைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் சாமியாரிடம் போய், மோட்சத்துக்குக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் தங்கள் கல்லறையைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள் என்று பயபக்தியோடு சொன்னார்.

சாமியார் கையிலிருந்த ஜெபப்புத்தகத்தை மூடினார். "உபதேசியாரே, போனதடவ நீர் ஊருக்குச் சொன்னது போதும். இத உம்ம மனசுல மட்டும் வச்சுக்கிடும்," என்றார்.

கடைசி நாள், முப்பத்தொன்றாம் தேதி. மதியம் ஒரு மணி. காற்று விழுந்து, நாய்கூட நிழலைவிட்டு நகராத நேரம். ஊர் சாப்பிட்டுப் படுத்துவிட்டது. செல்லபாய் வடக்கு மதில் பக்கத்துச் சின்ன வாசலைத் திறந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தாள். டாக்டர் குனியக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கையில் ஒரு மீன் பெட்டி. அதைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, எட்டின தூரம்வரை புல்லைப் பிடுங்கினாள். பிறகு எழுந்து, பெட்டியைக் காலால் இரண்டடி தள்ளி, மறுபடி உட்கார்ந்தாள். ஆன்ட்ரூஸின் அப்பன் கல்லறையில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டாள். கணவரின் கல்லறைக்கு வந்தபோது, "பாத்துக்கிட்டு சும்மா கெடயும்," என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். அன்றைய வேலை ஆன்ட்ரூஸுக்கானது என்பதால் அங்கே அதிகம் நிற்கவில்லை.

கடைசி வரிசை முடிந்தது. பிடுங்கிய புல்லை ஆன்ட்ரூஸின் கூடையில் அமுக்கி வைத்தாள். கத்தியை அவர் சாய்த்துவைத்த அதே சிலுவையில், அதே பக்கமாகச் சாய்த்தாள். செருப்பு எங்கே என்று தேடினாள், வாசலிலேயே கழற்றிப்போட்டிருந்தாள். மணல் கொதித்தது. முதலில் வலது கால் சூடு பொறுக்காமல் எழும்பியது, பிறகு இடது கால் எழும்பியது. நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்போடு, யாரும் பார்க்காத அந்த வெயிலில், தத்தித் தத்தி வாசலை நோக்கி ஓடினாள்.